கடைவாய்ப் பல்லுக்கு மேலே ஒரு ரத்தக் குழாய்

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒரு வீட்டுச் சுவரில் அலமாரி மாட்ட வேண்டும். துளை போட வருகிற ஆள் முதலில் என்ன கேட்கிறார்? "இந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறதா? கரண்ட் ஒயர் போகிறதா?" என்று கேட்கிறார். பதில் தெரிந்த பிறகுதான் மிஷினைக் கையில் எடுக்கிறார். கேட்காமல் துளைத்தால் என்ன ஆகும் என்பது மும்பையில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

சுவருக்குக் காட்டும் இந்த அக்கறையை மனிதனின் தாடைக்குக் காட்ட வேண்டாமா?

மேல் தாடையின் பக்கச் சுவரிலும் ஒரு குழாய் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் அல்ல; ரத்தக் குழாய். செயற்கைப் பல் பொருத்துவதற்காக அந்தச் சுவரைத் திறக்கும் ஆபரேஷன் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் அல்லாமல், புறநகர் ரயில் நிலையங்களை ஒட்டிய சிறு பல் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. குழாய் எங்கே ஓடுகிறது என்று படம் எடுத்துப் பார்த்த பிறகே அந்தச் சுவரில் கை வைக்க வேண்டும். செலவு குறைவு, நேரம் இல்லை, பழக்கப்பட்ட கை என்று எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் படத்தைத் தவிர்ப்பது சரியல்ல.

பல் போன இடம்

பல் வலி வந்தால் கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் தொழிலாளர்கள். வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். அப்போது பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருக்கும். பல்லைப் பிடுங்கிவிட்டு வருவார்கள். கடைவாய்ப் பல் தானே, வெளியே தெரியாது என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

வருடங்கள் போகின்றன. மற்றப் பக்கமும் பல் ஆடுகிறது. சோறு மெல்ல முடியவில்லை. மகனுக்கு வேலை கிடைக்கிறது. "அப்பாவுக்குப் பல் கட்டிவிடலாம்" என்று மகன் சொல்கிறான். கழற்றி மாட்டும் பல்செட்டு வேண்டாம், நிலையான பல்லாகவே வைத்துவிடலாம் என்று முடிவாகிறது. எலும்பில் டைட்டேனியம் உலோகத் திருகு ஒன்றை இறக்கி, அதன்மேல் பல் வைக்கும் முறை அது. ஸ்வீடன் நாட்டின் பிரோனிமார்க் 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைச் செய்தார். நல்ல முறைதான். லட்சக்கணக்கானவர்கள் இதனால் பயன் அடைந்திருக்கிறார்கள்.

ஆனால் திருகு நிற்க எலும்பு வேண்டும். சாதாரணமாக 8 முதல் 10 மில்லி மீட்டர் உயரத்துக்காவது எலும்பு இருந்தால் நல்லது என்று கருதப்படுகிறது. பல் போய்ப் பல வருடம் ஆனவருக்கு மேல் தாடையின் பின்பக்கத்தில் அவ்வளவு எலும்பு மிஞ்சுவதில்லை. பலருக்கு 4 மில்லி மீட்டர்கூட இருக்காது.

ஏன் இப்படி?

காற்று அறை

கன்னத்து எலும்புக்குள், மூக்கின் இருபுறமும், காற்று நிறைந்த இரண்டு அறைகள் உள்ளன. இவற்றுக்கு மேல்தாடை சைனஸ் என்று பெயர். 1651-ல் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியல் ஹைமோர் இதை விரிவாக விவரித்து எழுதினார். அதனால் ஹைமோர் அறை என்றும் இதைச் சொல்வார்கள். முகத்திலுள்ள காற்று அறைகளில் இதுவே பெரியது. வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லி லிட்டர் கொள்ளும். மூன்று தேக்கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அறையின் தரைதான் மேல் கடைவாய்ப் பற்களின் கூரை. பல்லின் வேர் நுனிக்கும் அறைக்கும் நடுவே சிலருக்கு மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கும். சளி பிடித்தால் மேல் பல் வலிப்பது இதனால்தான். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, வாயில் வைத்த தண்ணீர் மூக்கு வழியே வருவதாகச் சிலர் பயந்து ஓடி வருவதும் இதனால்தான்.

பல் போன பிறகு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கீழே இருந்து ஈற்று எலும்பு தேய்கிறது. மேலே இருந்து காற்று அறை இறங்கி வருகிறது. இரண்டுக்கும் நடுவில் எலும்பு மெலிந்துகொண்டே போகிறது.

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்க டாக்டர்கள். 1970-களில் ஹில்ட் டேட்டம் இந்த ஆபரேஷனைச் செய்து காட்டினார். 1980-ல் பாயின், ஜேம்ஸ் ஆகிய இருவர் அதைப் பற்றி எழுதி வெளியிட்டனர். தாடையின் பக்கச் சுவரில் சிறு ஜன்னல் ஒன்றைத் திறப்பார்கள். அறையின் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்குவார்கள். கீழே கிடைக்கும் இடத்தில் எலும்புத் தூளை நிரப்புவார்கள். சில மாதங்களில் அது இறுகி எலும்பாகும். திருகு நிற்க இடம் கிடைக்கும்.

அந்த ஜன்னலைத் திறக்கும் சுவரில்தான் குழாய் ஓடுகிறது.

எலும்புக்குள் ஓடும் குழாய்

மேல் தாடைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய தமனியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்று தாடையின் பின்பக்கமாக இறங்கிக் கடைவாய்ப் பற்களுக்குப் போகிறது. மற்றொன்று கண்ணுக்குக் கீழே முன்பக்கமாக வருகிறது. இந்த இரண்டும் தாடையின் பக்கச் சுவரில் ஒன்றையொன்று சந்தித்துக் கைகோர்க்கின்றன. சிலருக்கு இந்த இணைப்புக் குழாய் எலும்புக்குள்ளேயே ஓடும். சிலருக்கு எலும்பின் உட்புறம், சவ்வை ஒட்டி ஓடும். சிலருக்கு எலும்பின் வெளிப்புறம் ஓடும். ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இருப்பதில்லை. ஒரே ஆளுக்கு வலது பக்கம் ஒரு விதம், இடது பக்கம் ஒரு விதமாகவும் இருக்கலாம்.

1999-ல் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் இறந்தவர்களின் 18 மேல் தாடைகளை அறுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள் ஓடும் இந்த இணைப்பு அத்தனையிலும் இருந்தது. ஈற்று எலும்பின் விளிம்பிலிருந்து சராசரியாக 19 மில்லி மீட்டர் உயரத்தில் ஓடியது. பின்னால் ஸ்கேன் படங்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் சிலவற்றில் 16, 17 மில்லி மீட்டர் என்று வந்தது.

16 மில்லி மீட்டர் இருக்கிறதே, ஜன்னலை அதற்குக் கீழேயே திறந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது சராசரிக் கணக்கு. ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்று கேட்டுவிட்டு இறங்கியவன் மூழ்கிப் போன கதை எல்லாரும் அறிந்ததே. பல் போய் எலும்பு தேய்ந்தவருக்கு விளிம்பே மேலே ஏறிவிடுகிறது. குழாய் இருந்த இடத்தில் இருக்கிறது. விளிம்புதான் அதை நெருங்கி வருகிறது. ஆகவே யாருக்கு இந்த ஆபரேஷன் மிகவும் தேவைப்படுகிறதோ, அவருக்கே குழாய் கத்திக்கு மிக அருகில் இருக்கிறது.

குழாய் மெல்லியதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதன் விட்டம் 1 மில்லி மீட்டரை ஒட்டியே இருக்கும். சிலருக்கு 2 மில்லி மீட்டருக்கு மேலும் இருக்கும். அத்தகையவர்களுக்கு வெட்டுப்பட்டால் ரத்தம் நன்றாகவே வரும். சதையில் ஓடும் குழாயாக இருந்தால் பிடித்துக் கட்டிவிடலாம். எலும்புக்குள் ஓடுவதைச் சுலபமாகப் பிடிக்க முடியாது. அழுத்திப் பிடிக்க வேண்டும். மெழுகு வைத்து அடைக்க வேண்டும். சூட்டால் பொசுக்கினால் பக்கத்திலுள்ள சவ்வு பாழாகக்கூடும்.

உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளைப் பயமுறுத்துவது நோக்கம் அல்ல. ஆனால் ரத்தம் நிறைந்தால் டாக்டருக்குக் கண் தெரியாது. கண் தெரியாமல் போனால் சவ்வு கிழியும். சவ்வு கிழிந்தால் நிரப்பிய எலும்புத் தூள் அறைக்குள் சிதறலாம், சீழ் பிடிக்கலாம். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டிய பணம் வீணாகும். உயிர் போகவில்லை என்பது உண்மை. ஆனால் மாதச் சம்பளக்காரனுக்கு அந்த இழப்பு சிறியதா?

தட்டைப் படம் போதாது

"எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டதே, பிறகு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவர் அதைக் கொண்டு பல்லைப் படம் பிடித்தார். அந்தப் படத்துக்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று நொடியில் எடுக்கிறார்கள். வாய் முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. பல் மருத்துவமனைகளில் ஓ.பி.ஜி. என்று சொல்வது அதைத்தான்.

ஆனால் அது தட்டைப் படம். அதில் நீளமும் உயரமும் தெரியும்; தடிமன் தெரியாது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எலும்புச் சுவருக்குள் ஓடும் ஊசி போன்ற பாதையை அதில் நம்பிக்கையாகக் காண முடியாது. வீட்டின் வெளிப்புறப் போட்டோவைப் பார்த்து உள்ளே குழாய் எங்கே போகிறது என்று சொல்ல முடியுமா?

உள்ளே பார்க்கக் குறுக்குவெட்டுப் படம் வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971-ல் அவருடைய சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. 1979-ல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருவி பெரியது, கதிர்வீச்சும் அதிகம். 1990-களின் இறுதியில் பல், தாடைக்கென்றே சிறிய கருவி வந்தது. கதிரைக் கூம்பு வடிவில் செலுத்துவதால் அதற்குக் கோன் பீம் ஸ்கேன் என்று பெயர்.

நோயாளி உட்கார்ந்திருப்பார் அல்லது நின்றிருப்பார். கருவி தலையை ஒரு முறை சுற்றி வரும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஊசி இல்லை, மருந்து இல்லை, வலி இல்லை. பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தாடையைத் தேங்காய்க் கீற்றுபோல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நறுக்கிப் பார்க்கலாம். எலும்பு எத்தனை மில்லி மீட்டர், காற்று அறைக்குள் குறுக்குச் சுவர் உண்டா, சவ்வு தடித்திருக்கிறதா, சளி தேங்கியிருக்கிறதா, குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். இம்பிளாண்ட் வைக்கும் இடத்தை ஆராயக் குறுக்குவெட்டுப் படம் வேண்டும் என்று அமெரிக்காவின் வாய், தாடைக் கதிரியக்க நிபுணர்களின் சங்கம் 2012-லேயே கூறிவிட்டது.

இங்கே ஒரு உண்மையைக் கவனிக்க வேண்டும். இந்த ஸ்கேன் ரத்தத்தைக் காட்டுவதில்லை. ரத்தக் குழாய் எலும்பில் பதித்திருக்கும் பாதையைத்தான் காட்டுகிறது. 2005-ல் நியூயார்க்கில் சி.டி. படங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதிக்குத்தான் இந்தப் பாதை கண்ணில் பட்டது. அறுத்துப் பார்த்தபோதோ எல்லாருக்கும் இருந்தது. ஆகவே படத்தில் தெரியவில்லை என்றால் குழாயே இல்லை என்று அர்த்தம் அல்ல. மிகச் சிறியது அல்லது எலும்புக்கு வெளியே ஓடுகிறது என்றுதான் அர்த்தம். படத்தைப் பார்த்த பிறகும் கை நிதானமாகவே போக வேண்டும். பெரிய குழாய், ஆபத்தான குழாய் பெரும்பாலும் படத்தில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் படம்.

"நூறு பேருக்குச் செய்தாகிவிட்டது"

அனுபவமுள்ள டாக்டர்களில் சிலர் ஸ்கேனை அலட்சியமாகப் பேசுவார்கள். "நூறு பேருக்குச் செய்தாகிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நூறு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டி விபத்தில்லாமல் போன டிரைவரும் அதையேதான் சொல்வார். நூற்றியோராவது ஆள் யார் என்பதுதான் கேள்வி.

முன்னே தெரிந்தால் வேறு வழிகள் உண்டு. ஜன்னலைக் கொஞ்சம் கீழே வைக்கலாம். குழாய்க்கு மேலும் கீழுமாக இரண்டு சிறு ஜன்னல்கள் திறக்கலாம். எலும்பை மட்டும் அறுத்து மெல்லிய சதையை விட்டுவிடும் அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தலாம். பக்கச் சுவரைத் தொடாமல் பல் இருந்த துளை வழியாகவே தூக்கும் முறையை யோசிக்கலாம். குட்டையான திருகு போதுமா என்று பார்க்கலாம். இந்த ஆபரேஷனே வேண்டாம், பல்செட்டே போதும் என்ற முடிவுக்கும் வரலாம். இத்தனை வழிகளும் படம் பார்த்தவருக்குத்தான். பார்க்காதவருக்கு ஒரே வழிதான். ரத்தம் வந்த பிறகு அடைப்பது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டும் அல்ல.

எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமா?

வேண்டாம். இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் கருவி வாங்கியவருக்கு வருகிற ஆளையெல்லாம் அதில் உட்கார வைக்க ஆசை வரும். சொத்தைப் பல்லுக்கும் ஸ்கேன், பல் சுத்தம் செய்வதற்கும் ஸ்கேன் என்றால் அது மருத்துவம் அல்ல, வியாபாரம். சாதாரணப் பல் பிடுங்கலுக்குச் சிறிய எக்ஸ்ரே போதும். போதிய எலும்பு இருக்கும் கீழ் முன் பல்லுக்கு இந்தச் சைனஸ் பேச்சே எழாது. யாருடைய மேல் தாடையில் சைனஸ் பக்கமாகக் கத்தி வைக்கப் போகிறார்களோ அவருக்கு வேண்டும். மற்றவருக்கு என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயமும் உண்டு. கோன் பீம் ஸ்கேனில் படுவது, படம் எடுக்கும் பரப்பைப் பொறுத்து, சில பத்து முதல் சில நூறு மைக்ரோசீவர்ட் வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதனுக்கு ஓர் ஆண்டில் உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் படுகிறது. ஆகவே தேவைக்கு எடுத்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தேவையில்லாமல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருப்பது இதே மும்பையில், அணுசக்தி நகரில்தான். செம்பூர்த் தமிழர்கள் அன்றாடம் பஸ்ஸில் கடந்துபோகிற இடம். 1983-ல் அமைந்த அந்த வாரியத்தின் அனுமதி பெறாமல் ஸ்கேன் கருவியை இயக்கக் கூடாது. அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்து நாள் லீவு

நம்மவர்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மும்பையில் செலவு அதிகம் என்று, ஊருக்குப் போகும்போது பல் கட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறார்கள். பத்து நாள் லீவு. அதில் கோயில் கொடை, கல்யாணம், நிலப் பத்திரம், அதோடு பல் ஆபரேஷன். ஐந்தாம் நாள் தாடையைத் திறந்து, ஒன்பதாம் நாள் ரயில் ஏறுகிறார்கள்.

இது தவறு. எலும்புத் தூள் இறுக நாலு முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பளு தூக்கக் கூடாது. இரண்டு பெட்டியையும் ஒரு மூட்டை அரிசியையும் தோளில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறுகிறவரால் இதெல்லாம் முடியுமா? நள்ளிரவில் குண்டக்கல் தாண்டிய பிறகு மூக்கில் ரத்தம் வந்தால் யாரிடம் போவது? ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம், ஸ்கேன் படமோ மூன்றாவது இடத்தில். இந்த நிலை வரக் கூடாது.

எந்த ஊரில் வேலையோ அந்த ஊரிலேயே செய்துகொள்வது நல்லது. ஊரில்தான் செய்ய வேண்டும் என்றால், மும்பையிலேயே ஸ்கேன் எடுத்து, ஊர் டாக்டருக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர் பார்த்துச் சொன்ன பிறகு லீவு போடலாம். படம் எடுத்த குறுந்தகடும் எழுத்து மூலமான அறிக்கையும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். பணம் கொடுத்தது அவர், தாடையும் அவருடையது.

இன்னொன்று. இருதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. அவற்றால் ரத்தம் உறைய நேரமாகும். பல் ஆபரேஷன் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. அது இருதயத்துக்கு ஆபத்து. இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. பீடியும் குட்காவும் புண் ஆறுவதைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புரியாத கையெழுத்து

ஆபரேஷனுக்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அது இங்கிலீஷில் இருக்கும். மராத்தியிலோ இந்தியிலோ இருக்கும். தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைக்கும் தமிழனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "இங்கே ஒரு கையெழுத்து" என்றதும் போட்டுவிடுகிறான்.

2008 ஜனவரியில் சமிரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றித் தெளிவாகக் கூறியிருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்காக, அதன் பலன் என்ன, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்குச் சொல்லி, அவர் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம். புரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது அந்தத் தீர்ப்பின் நோக்கத்துக்கு ஒத்ததாகாது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பதைவிட, கேட்டுவிட்டுப் படுப்பது மேல்.

கேள்விகள் நாலே நாலுதான். எலும்பு எத்தனை மில்லி மீட்டர் இருக்கிறது? குறுக்குவெட்டுப் படம் எடுத்தாகிவிட்டதா? குழாய் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பார்த்தீர்களா? ரத்தம் வந்தால் என்ன ஏற்பாடு? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். திரையில் படத்தைக் காட்டி விளக்குவார். கோபப்படுகிறவரிடம் தாடையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

செய்ய வேண்டியது

ஸ்கேனுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். தினக்கூலிக்காரருக்கு அது பெரிய தொகைதான். ஆனால் மொத்த ஆபரேஷன் செலவோடு பார்த்தால் சிறிய பங்கு. பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தச் சிறிய பங்குதான். வெட்ட வேண்டுமானால் வேறு எதையாவது வெட்டட்டும்.

மும்பை சென்ட்ரல் பக்கத்தில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சி.எஸ்.எம்.டி. அருகில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் வாய், தாடைப் படங்களைப் படித்துச் சொல்லும் நிபுணர்களுக்கான துறைகள் உண்டு. தனியார் டாக்டர் சொன்னதை அங்கே காட்டி இரண்டாவது யோசனை கேட்கலாம். கூட்டம் இருக்கும்; ஒரு நாள் கூலி போகும். தாடையைவிட அது பெரிதல்ல.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்துக்காக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாயாகவும், முதலாளியின் பங்கு மூணேகால் ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பல்லுக்கு அதில் என்ன கிடைக்கும், ஸ்கேனுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் குரல் கொடுப்பதுபோல் இதற்கும் குரல் கொடுக்க வேண்டும். மெல்ல முடியாத தொழிலாளி எப்படி உழைப்பான்?

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆண்டு விழா நடத்துகிறார்கள். பல் முகாம் நடத்திப் பற்பசை கொடுக்கிறார்கள். பாராட்டத் தக்கதே. அதோடு இன்னொரு காரியமும் செய்யலாம். சம்மதக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துச் சொல்ல, படித்த இளைஞர்கள் இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை உட்கார வைக்கலாம். ஸ்கேன் அறிக்கையை விளக்க ஒரு தமிழ் டாக்டரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன பல்லை வைக்க விஞ்ஞானம் வழி செய்துவிட்டது. அதே விஞ்ஞானம் சுவருக்குள் ஓடும் குழாயைக் காட்டவும் வழி செய்திருக்கிறது. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் அல்ல. அலமாரி மாட்ட வருகிறவர் கேட்கிற கேள்வியை, ஆபரேஷன் நாற்காலியில் உட்காரும்முன் ஒவ்வொரு தமிழனும் கேட்கட்டும்: "இந்தச் சுவருக்குள் குழாய் எங்கே போகிறது?"